க்ளூ ட்ராப்புக்கு தடையாமே, அப்போ கரப்பானுக்கு வைக்கற ஒட்டு அட்டை? அது என்ன செய்யும், என்ன செய்யாது

க்ளூ ட்ராப்புக்கு, அதாவது பசை தடவின அட்டைப் பொறிக்கு (க்ளூ போர்டுன்னும் சொல்வாங்க), தடைன்னு ஒரு செய்தி அப்பப்போ வாட்ஸப்ல சுத்துது. அதைப் படிச்சுட்டு சிங்க் அடில கரப்பானுக்கு வச்சிருக்கற ஒட்டு அட்டையும் தப்பான்னு நிறைய பேர் குழம்பறாங்க. இன்னொரு பக்கம், கடைல "இதை வைங்க, வீட்ல ஒரு பூச்சி இருக்காது"ன்னு கொடுத்ததை நம்பி வாங்கிட்டு வந்து, ஒரு மாசம் கழிச்சும் கரப்பான் அதே மாதிரி ஓடறதைப் பார்த்து, சுத்த ஏமாத்துன்னு தூக்கிப் போட்டவங்களும் இருக்காங்க. ரெண்டு குழப்பத்துக்கும் காரணம் ஒண்ணுதான், இந்த அட்டை எதுக்காக செஞ்சதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. பூச்சி எங்க இருக்கு, எவ்வளவு இருக்கு, கூடுதா குறையுதான்னு காட்டறதுதான் இதோட முதல் வேலை. கொல்லறது ரெண்டாவதுதான், அதுவும் ரொம்ப கம்மி.

தடை எதுக்கு?

1. இந்தியாவுல விலங்குகள் நல வாரியம் மாநிலங்களுக்கு அனுப்பின சுற்றறிக்கை எல்லாம் எலி பிடிக்கற க்ளூ போர்டைப் பத்தினது. எலி உயிரோட ஒட்டிக்கிட்டு, தோல் கிழிஞ்சு, தண்ணி இல்லாம நாள் கணக்குல துடிச்சு சாகுது, இது 1960ம் வருஷத்து விலங்கு வதை தடுப்புச் சட்டத்துக்கு எதிரானதுங்கறதுதான் அடிப்படை. அதைத் தொடர்ந்து பல மாநிலங்கள் உத்தரவு போட்டிருக்கு.

2. வெளிநாட்டுலயும் இதே கதைதான். நியூசிலாந்துல 2015ல இருந்து எலி க்ளூ போர்டை தனி அனுமதி இல்லாம விக்கவோ வைக்கவோ முடியாது. இங்கிலாந்துல 2022ல சட்டம் போட்டு 2024 ஜூலை 31ல இருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க, அதுவும் எலி வகைப் பிராணிகளைப் பிடிக்கற பொறிக்குத்தான்.

3. ஆகவே கரப்பான், சிலந்தி, மாவுல வர்ற அந்துப்பூச்சிக்கு வைக்கற சின்ன அட்டை இந்தத் தடைல வரல. ஆனா கடைல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல தொங்கும், கவர்ல எலி படமும் கரப்பான் படமும் சேர்ந்தே இருக்கும், அதனாலதான் குழப்பம். புத்தகம் மாதிரி விரியற, கெட்டியா பசை தடவின பெரிய அட்டை எலிக்கானது. பூச்சிக்காக அதை வாங்காதீங்க, பல்லியும் அணில் குட்டியும் மாட்டறது பெரும்பாலும் அதுலதான்.

அட்டைல என்ன இருக்கு

பசைதான், விஷம் கிடையாது. பெரும்பாலும் பாலிபியூட்டீன் மாதிரி காயாத பசை. ஃபெவிகால்ல இருக்கற தண்ணி ஆவியானதும் அது இறுகிடும், இதுல ஆவியாக எதுவும் இல்ல, அதனால மாசக்கணக்கா பிசுபிசுன்னே இருக்கும். பூச்சி கால் வச்சதும் கொஞ்சம் அமுங்கும், இழுக்க இன்னொரு காலை ஊணும், அதுவும் அமுங்கும், கடைசில வயிறும் படிஞ்சுடும். தின்னவோ குடிக்கவோ முடியாம சில மணி நேரத்துல இருந்து சில நாளுக்குள்ள சாகும்.

இந்தப் பசைக்கு எதிரி மூணு. தூசி படிஞ்சா ஒட்டாது, தண்ணி பட்டா அட்டை ஊறிப் போயிடும், எண்ணெய் பட்டா பசையே கரையும். நம்ம அடுப்படில இந்த மூணும் தாராளமா இருக்கு, தாளிக்கற புகையே மேல எண்ணெய்ப் படலமா படியும். அதனால திறந்த அட்டையை விட கூடாரம் மாதிரி மடிக்கற அட்டைதான் நல்லது. மேல கூரை இருக்கறதால தூசி விழாது, உள்ள இருட்டா இருக்கறதால கரப்பானுக்கும் பிடிக்கும். கரப்பானுக்கு மேலயும் கீழயும் உடம்பு உரசற மாதிரி இடம்தான் வேணும், சின்ன வகைக் கரப்பானுக்கு, வளர்ந்ததுக்கே, வெறும் 5 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தா சந்தோஷமா உக்காந்துக்கும்.

வீட்டுக்கரப்பானுக்குன்னு இந்த மாதிரி ரெடிமேட் ஒட்டு வீட்டை பிரபலமாக்கினது ஜப்பான்காரங்க, எர்த் கெமிக்கல் கம்பெனி 1973ல கொண்டு வந்த கோகிபுரி ஹொய்ஹொய் இன்னும் அங்க விக்குது.

எது மாட்டும், எது மாட்டாது

1. கரப்பான்: மாட்டும். இதுக்குத்தான் அட்டை ரொம்ப பயன்படும், கீழ விரிவா வருது.

2. எறும்பு: வேலைக்கார எறும்பு நூறு மாட்டினாலும் ஒண்ணும் ஆகாது, ராணி புத்துக்குள்ள முட்டை போட்டுட்டே இருக்கும். எறும்புக்கு இதை வாங்கறது வீண்.

3. மூட்டைப்பூச்சி: பசைக்கு அவ்வளவு சுலபமா வராது. இதுக்கு கட்டில் கால் அடில வைக்கற வழுவழு கிண்ணம் இருக்கு, ஏறின பூச்சி வெளிய வர முடியாம வழுக்கும். ஒட்டு அட்டைல ஒண்ணும் மாட்டலன்னு மூட்டைப்பூச்சி இல்லன்னு நினைச்சுக்கக் கூடாது.

4. மாவுல வர்ற அந்துப்பூச்சி: இதுக்கு தனியா பெரோமோன் அட்டை வருது, பெண் பூச்சியோட வாசனையை வச்சு ஆணை இழுக்கும். மாட்டறது ஆண் மட்டும்தான். ஏற்கனவே சேர்ந்த பெண் பூச்சி பக்கத்து டப்பால முட்டை போட்டுக்கிட்டு இருக்கும், அதனால அட்டைல பூச்சி விழுந்தா ரவை, கோதுமை மாவு, முந்திரி டப்பா எல்லாத்தையும் திறந்து பாக்கணும்னு அர்த்தம்.

5. தொட்டிச்செடி மண்ல இருந்து கிளம்பற பொடிக் கொசு: மஞ்சள் அட்டைல நல்லா ஒட்டும். வெள்ளை ஈக்கு வயல்ல வைக்கற மஞ்சள் ஒட்டுப்பொறியோட சின்ன உருவம்தான் இது, அந்த நிறமே பூச்சியை இழுக்கும். மண்ணுக்குள்ள இருக்கற புழுவை அது தொடாது, மேல் மண்ணைக் காய விடணும்.

6. கடிக்கற கொசு: தரைல வைக்கற அட்டைல மாட்டாது. ஆனா ஒட்டுப்பொறியை கொசுவுக்கும் புத்திசாலித்தனமா பயன்படுத்தலாம்னு சிங்கப்பூர்ல காட்டியிருக்காங்க. அங்க தேசிய சுற்றுச்சூழல் வாரியம் குடியிருப்பு பிளாக்குகள்ல கறுப்பு டப்பா ஒண்ணு வச்சிருக்கும், கிராவிட்ராப்னு பேர். உள்ள கொஞ்சம் தண்ணி, சுவத்துல பசை. முட்டை போட இடம் தேடற, டெங்கு பரப்பற ஏடிஸ் பெண் கொசு உள்ள வந்து ஒட்டிக்கும். அதை எண்ணிப் பார்த்து எந்த ஏரியால கொசு கூடியிருக்குன்னு கணக்கு எடுக்கறாங்க. பிடிக்கறதை விட எண்ணறதுக்குத்தான் அங்க மதிப்பு, நம்ம அடுப்படிக்கும் இதே யோசனைதான்.

அட்டை மட்டும் வச்சா கரப்பான் ஏன் ஒழியாது

முதல்ல எந்தக் கரப்பான்னு பிரிச்சுக்கணும். நம்ம வீடுகள்ல ரெண்டு முக்கியம். பெரிசு, செம்பழுப்பு, 4 சென்டிமீட்டர் வரை வர்றது அமெரிக்கக் கரப்பான், சாக்கடை, செப்டிக் டேங்க், பாத்ரூம் ஜாலி வழியா வரும். சின்னது, ஒன்றரை சென்டிமீட்டர், வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னாடி ரெண்டு கறுப்புக் கோடு இருக்கறது ஜெர்மன் கரப்பான். பேர்தான் ஜெர்மன், 1767ல ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் அப்படிப் பேர் வச்சார், ஆனா 2024ல வந்த மரபணு ஆய்வு, இது சுமார் 2,100 வருஷத்துக்கு முன்னாடி இந்தியா இல்லன்னா மியான்மர் பக்கத்துல ஆசியக் கரப்பான்ல இருந்து பிரிஞ்சு மனுஷன் கூட சேர்ந்ததுன்னு காட்டுது. இது காட்டுல வாழறதில்ல, கட்டடத்துக்குள்ள மட்டும்தான். அதாவது உங்க வீட்ல இருக்கற சின்னக் கரப்பான் அட்டைப்பெட்டி, மளிகை மூட்டை, பழைய ஃப்ரிட்ஜ் இப்படி ஏதோ ஒரு பொருளோட உள்ள வந்ததா இருக்கும், இல்லன்னா ஃப்ளாட்ல பக்கத்து வீட்ல இருந்து பைப் ஓட்டை வழியா வந்ததா இருக்கும்.

இப்போ கணக்கைப் பாருங்க.

1. ஜெர்மன் கரப்பானோட ஒரு முட்டைப் பையில 30ல இருந்து 40 முட்டை இருக்கும். ஒரு பெண் கரப்பான் வாழ்நாள்ல நாலஞ்சு பைக்கு மேல போடும். நம்ம ஊர் சூட்டுக்கு குஞ்சு ரெண்டு மாசம் போல ஆனா பெரிசாகி அடுத்த முட்டைக்குத் தயாராயிடும்.

2. முட்டைப் பையை அது வாலோட ஒட்டி வச்சுக்கிட்டே சுத்தும், குஞ்சு பொரியற சமயம் வரைக்கும் கீழ விடாது. அந்தக் காலத்துல ரொம்ப கம்மியாத்தான் தின்னும், இடுக்கை விட்டு வெளிய வராது. அதனால எது மாட்டணுமோ அதுதான் அட்டைக்கு வராம இருக்கும்.

3. அட்டைல விழறதுல நிறைய ஆண் கரப்பான், ஊர் சுத்தறது அதுதான். வாரத்துக்கு 10 ஆண் செத்தாலும் மிச்சம் இருக்கற ஆணே எல்லா பெண்ணுக்கும் போதும், பிறக்கற எண்ணிக்கை குறையாது.

4. அட்டைக்கு பக்கத்துல சோறு, தண்ணி கிடைச்சா அது அட்டைக்குள்ள நுழைய வேண்டிய அவசியமே இல்ல. ராத்திரி கழுவாம போட்ட பாத்திரத்தோட எந்த அட்டை வாசனையும் போட்டி போட முடியாது.

அமெரிக்கக் கரப்பான் விஷயம் வேற. அதோட வீடு வெளில இருக்கு, உள்ள வர்றது ஒண்ணு ரெண்டு. அதையும் அட்டை முழுசா தடுக்காது, பெரிய உடம்பு, பலமான கால், பசை பழசா இருந்தா ஒரு காலை விட்டுட்டு தப்பிச்சுப் போயிடும். அதுக்கு ஜாலியை மாத்தறதும் பைப் ஓட்டையை அடைக்கறதும்தான் வழி.

அட்டையைப் படிக்கறது

இதுதான் பலரும் விட்டுடற பகுதி, எனக்கு ரொம்ப முக்கியமாப் படறதும் இதுதான். பெரும்பாலான வீட்ல அட்டையைத் திறந்து பார்த்து "சீ"ன்னு சுருட்டி குப்பைல போட்டுடறாங்க. காசு கொடுத்து வாங்கினது அந்தத் தகவலுக்குத்தான், அதைப் படிக்காமப் போடறதுதான் நஷ்டம்.

சிங்க் அடில ஒரு வாரம் இருந்த அட்டையை டார்ச் அடிச்சுப் பாருங்க. நடுவுல ரெண்டு பெரிய கரப்பான், ரெக்கை விரிஞ்சு கிடக்கும். அதை விட்டுட்டு ஓரத்தைப் பாருங்க. எள்ளு அளவுல, கறுப்பா, முதுகு நடுவுல வெளிர் கோடு போட்ட பொடிசு ஏழெட்டு ஒரே ஓரத்துல வரிசையா ஒட்டியிருந்தா, அது ஜெர்மன் கரப்பான் குஞ்சு. குஞ்சு தன் இடுக்கை விட்டு ரொம்ப தூரம் போகாது. அந்த ஓரம் எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சோ அந்தப் பக்கம் கைக்கெட்டற தூரத்துல கூடு இருக்கு, கப்போர்டு கீல், கிரானைட் அடி விளிம்பு, பைப் சுவத்துக்குள்ள போற ஓட்டை இதுல ஒண்ணு.

1. குஞ்சு நிறைய, பெரிசு கம்மி: கூடு பக்கத்துலயே இருக்கு, பெருகிக்கிட்டு இருக்கு.
2. பெரிசு மட்டும், அதுவும் ஒண்ணு ரெண்டு: வேற எங்கயோ இருந்து சுத்த வந்தது. அட்டையை அடுத்த சுவத்துக்கு நகர்த்துங்க.
3. அட்டைல பழுப்பு நிறத்துல, கோடு கோடா, பர்ஸ் மாதிரி சின்னப் பை தனியா கிடந்தா அது முட்டைப் பை. மாட்டின பெண் கரப்பான் சில நேரம் அதைக் கழட்டி விட்டுடும், உள்ள உயிர் இருக்கலாம். அந்த அட்டையை வீட்டுக் குப்பைத்தொட்டில திறந்து போடாதீங்க, மடிச்சு பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெளிய அனுப்புங்க.
4. ஒரு அட்டைல 20, மத்த அஞ்சுலயும் சைபர்: மருந்து முழு வீட்டுக்கும் வேண்டாம், அந்த ஒரு இடத்துக்குப் போதும்.

இதுக்காக ஒவ்வொரு அட்டை மேலயும் பேனாவால நம்பரும் வச்ச தேதியும் எழுதுங்க. "3, ஃப்ரிட்ஜ் பின்னாடி" இவ்வளவு போதும். நம்பர் இல்லாத அட்டை ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணுமே சொல்லாது.

எங்க வைக்கணும்

பூச்சி நடு ஹால்ல நடக்காது, சுவரும் தரையும் சேர்ற ஓரத்தைத் தொட்டுக்கிட்டே போகும். அட்டை சுவத்தோட ஒட்டி இருக்கணும், வாய் ரெண்டும் சுவர் போற திசையைப் பார்த்து இருக்கணும். ரெண்டு விரல் தள்ளி வச்சா கரப்பான் பின்னாடியே போயிடும்.

சராசரி வீட்டு அடுப்படிக்கு ஆறு அட்டை போதும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் பக்கம், சூடும் இருக்கு தண்ணித் தட்டும் இருக்கு, கரப்பானுக்கு சொர்க்கம். சிங்க் அடில பைப் ஓரம். கேஸ் சிலிண்டர் பின்னாடி. மிக்ஸி, கிரைண்டர் வைக்கற மேடைல மூலை. மளிகை ஷெல்ஃப் கீழ்த்தட்டு. வாட்டர் பியூரிஃபையர் அடி, இதை நிறைய பேர் மறக்கறாங்க, அது பெட்டிக்குள்ளயே குடும்பம் நடத்தும்.

கூட்டிப் பெருக்கும்போது அட்டையைத் தூக்கி வச்சுட்டு திரும்ப வைங்க. தவழற குழந்தை இருந்தா கூடார அட்டையும் கை எட்டாத இடத்துல மட்டும். விஷம் இல்லன்னாலும் தலைமுடில ஒட்டினா எண்ணெய் போட்டு எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

ஜெல்லும் ஸ்ப்ரேயும் இதுல எங்க வருது

1. முதல் வாரம் அட்டை மட்டும். ஸ்ப்ரே அடிக்காதீங்க. கடைல வர்ற ஸ்ப்ரே நிறைய பைரித்ராய்டுங்கற பூச்சிக்கொல்லி வகை, அது பட்டதும் கரப்பான் இடுக்கை விட்டு சிதறி ஓடும், ஒரு இடத்துல இருந்தது நாலு இடமா ஆயிடும், அட்டை காட்டறதும் தப்பாயிடும்.

2. எந்த அட்டைல அதிகமோ அந்த இடத்து கீல், விரிசல், ஓரத்துல ஜெல் மருந்தை பொட்டுப் பொட்டா வைங்க. ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் வகை ஜெல் பொதுவா கிடைக்கும். தின்ன கரப்பான் இடுக்குக்குப் போய் சாகும், அதோட கழிவையும் உடம்பையும் தின்னு மத்ததும், குஞ்சு உள்பட, சாகும். வெளிய வராத பெண் கரப்பானையும் தொடற வழி இதுதான், அட்டையால முடியாத வேலை.

3. ஜெல்லை அட்டை மேல வைக்காதீங்க. கரப்பான் தின்னுட்டு கூட்டுக்குத் திரும்பணும், ஒட்டிக்கிட்டா அந்தச் சங்கிலி அறுந்து போயிடும். ஜெல் பக்கத்துல ஸ்ப்ரேயும் கூடாது, வாசனைக்கு கரப்பான் கிட்டயே வராது.

4. ரெண்டு வாரம் கழிச்சு புது அட்டையை அதே நம்பர்ல, அதே இடத்துல வைங்க. 20 இருந்த இடத்துல 4 ஆனா மருந்து வேலை செய்யுது. 18 இருந்தா மருந்தை மாத்தணும். 1993லயே அமெரிக்காவுல குளுக்கோஸ் கலந்த விஷ உணவை தொடாத ஜெர்மன் கரப்பான் கூட்டத்தைக் கண்டுபிடிச்சாங்க. அதுங்களுக்கு குளுக்கோஸ் கசப்பா படுதுன்னு 2013ல காரணமும் தெரிஞ்சுது. ஒரே ஜெல்லை வருஷக்கணக்கா வச்சா இந்த மாதிரி ஆகும், அட்டை எண்ணிக்கை இல்லன்னா அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சிலந்தி

சிலந்தி பூச்சி இனமே இல்ல, எட்டுக் கால், தனி வகை. ஒட்டு அட்டைல மாட்டறது வலைல உக்காராம தரைல நடந்து இரை தேடற வகை, அதுலயும் பெண்ணைத் தேடி அலையற ஆண். மேல் மூலைல ஒட்டடை கட்டிக்கிட்டு தொங்கற நீளக்கால் சிலந்தி தரைக்கு வர்றதே அபூர்வம், அதுக்கு ஒட்டடைக் கம்புதான்.

அமெரிக்காவுல கான்சாஸ்ல ஒரு வீட்ல ஆறு மாசத்துல ஒட்டு அட்டை வச்சும் கையால பிடிச்சும் 2,055 பிரவுன் ரெக்ளூஸ் சிலந்தியைச் சேர்த்தாங்க, விஷச் சிலந்தி அது. அந்தக் குடும்பம் அங்க வருஷக்கணக்கா இருந்திருக்கு, ஒருத்தருக்கும் கடி பாதிப்பு இல்ல. 2002ல இது ஆய்வா வெளிவந்துச்சு. ரெண்டு விஷயம் இதுல இருக்கு. கண்ணுக்குத் தெரியறதை விட வீட்ல எவ்வளவோ அதிகம் இருக்கும்னு அட்டை காட்டிடுது. அதே சமயம் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டியதும் இல்ல.

நம்ம வீடுகள்ல பயமுறுத்தறது உள்ளங்கை அளவு பெரிய பழுப்புச் சிலந்தி, சுவத்துல அப்பின மாதிரி அசையாம நிக்கும், சில சமயம் வயித்துக்கு அடில ரூபாய்க் காசு மாதிரி தட்டையான வெள்ளைப் பையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், அது முட்டை. இது வலை கட்டாது, கரப்பானைத் துரத்திப் பிடிச்சுத் தின்னும். இதைப் பிடிக்க அட்டை வைக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். பாத்திரத்தால மூடி, பசை இல்லாத சாதா அட்டை ஒண்ணை அடில விட்டு, எடுத்துட்டுப் போய் வெளிய விட்டுடலாம். வீட்ல சிலந்தி அதிகமா தெரியுதுன்னா அது தின்னறதுக்குப் பூச்சி அதிகமா இருக்குன்னு அர்த்தம், கரப்பானும் ஈயும் குறைஞ்சா இதுவும் தானா குறையும்.

பல்லி மாட்டினா

பல வீட்ல பல்லியைக் கொல்லறதே பாவம்னு நினைப்பாங்க, அட்டை வச்சவங்களுக்கு பெரிய சங்கடமே இதுதான். அட்டைல ஒட்டின பூச்சியைத் தின்ன வந்து பல்லி மாட்டும். அதனால சுவத்துல ஒட்டற மாதிரி, ட்யூப்லைட் பக்கம், ஜன்னல் விளிம்புல திறந்த அட்டை வைக்கவே கூடாது. கூடார அட்டையோட வாயை ஒரு சென்டிமீட்டருக்கு மேல தூக்காம மடிச்சா பெரிய பல்லி நுழையாது.

மாட்டிடுச்சுன்னா இழுக்காதீங்க, தோலும் வாலும் போயிடும்.

1. பல்லியைச் சுத்தி இருக்கற காலிப் பசை மேல மாவு தூவுங்க இல்லன்னா பேப்பர் போடுங்க, மறுபடி ஒட்டாம இருக்கும்.
2. சமையல் எண்ணெயை பஞ்சுல தொட்டு கால், வயிறு ஒட்டின இடத்துல சொட்டுச் சொட்டா விடுங்க. மூக்கு, வாய் பக்கம் விடாதீங்க.
3. சில நிமிஷம் விட்டு, காதுக்குச்சியால ஒவ்வொரு காலா மெதுவா தள்ளி விடுங்க. கெரோசின், தின்னர் வேண்டவே வேண்டாம்.
4. ஒட்டின எண்ணெயை ஈரத்துணியால ஒத்தி எடுத்துட்டு நிழல்ல விடுங்க.

இந்தக் காரணத்துக்காகவே அட்டையை வச்சுட்டு மறக்கக் கூடாது, தினமும் ஒரு தடவை குனிஞ்சு பாக்கணும். தூசி படிஞ்சாலோ ஒரு மாசம் ஆனாலோ மாத்திடுங்க. செத்த கரப்பான் நிறைஞ்ச அட்டையும் இருக்கக் கூடாது, கரப்பானோட கழிவும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். வரிசையா ரெண்டு மாசம் எல்லா அட்டைலயும் சைபர் வந்தா ஜெல்லை நிறுத்திடலாம். அட்டைல மட்டும் ரெண்டை விட்டு வைங்க, ஃப்ரிட்ஜ் பின்னாடி ஒண்ணு, சிங்க் அடில ஒண்ணு.